தனி அல்பம், தகரக் கூரை, தவளைச் சத்தம்: வாசகர் கேள்வி – பதில்

குழுக்களில் பல்லாண்டு வாசித்த மூத்த றொக் கலைஞர்கள் பின்னர் தம் பெயரில் வெளியிட்ட அல்பங்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். வந்த கடிதங்களில் பாதி அந்த அல்பங்களைப் பற்றியவை. மீதி, "இதை எங்கட வீட்டில் எப்படிச் செய்வது?" என்று கேட்டு வந்தவை. இரண்டையும் கலந்தே பதில் தருகிறோம்.

கிளிநொச்சி வாசகர்: நாற்பது வருடம் ஒரு குழுவில் இருந்தவர் தனி அல்பம் போடும்போது எல்லா வாத்தியமும் தானே வாசிக்கிறாரா? இல்லையென்றால் அதை ஏன் 'தனி' என்கிறார்கள்?

எல்லாவற்றையும் தானே வாசித்தவர்கள் மிகச் சிலர். கடைசி முடிவு அவருடையது என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். வாசிப்பவர்கள் பத்துப் பேராகவும் இருக்கலாம்.

சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. குழுவில் இருக்கும்போது ட்ரம்ஸ்காரர் "இந்த இடம் இழுக்குது" என்பார். பேஸ் வாசிப்பவர் "இந்தப் பாட்டே வேண்டாம்" என்பார். அந்த இழுபறியில் சோர்ந்த பாட்டுகள் தாமாகவே உதிர்ந்துபோகும். தனி அல்பத்துக்கு வருகிறவர்கள் அவர் கூப்பிட்டு வந்தவர்கள். மறுத்துக் கதைக்க மாட்டார்கள். மூத்த கலைஞர்களின் தனி அல்பங்கள் சில இடங்களில் நீண்டு, ஒரே நடையில் போவதற்கு இதையே முதற்காரணமாக நாங்கள் பார்க்கிறோம்.

பிங்க் ஃபுளொய்ட் குழுவின் டேவிட் கில்மோர் 2024 செப்டெம்பரில் வெளியிட்ட 'லக் அன்ட் ஸ்ட்ரேஞ்ச்' அல்பத்தை இந்தக் கண்ணோடு கேளுங்கள். தயாரிப்பாளராக அவர் சேர்த்துக்கொண்டது சார்லி அன்ட்ரூ என்ற இளையவரை. கில்மோரின் பழைய புகழ் அவரை மிரட்டவில்லை. மாதிரிப் பதிவுகளைக் கேட்டுவிட்டு, இந்த இடத்தில் கிற்றார் தனி ஆவர்த்தனம் ஏன் வர வேண்டும், எல்லாப் பாட்டும் ஏன் தேய்ந்து மறைய வேண்டும், ஒன்றிரண்டு பட்டென்று முடியக்கூடாதா என்று கேட்டிருக்கிறார். இதைக் கில்மோரே மகிழ்ச்சியோடு சொல்லியிருக்கிறார். அதே அல்பத்தின் தலைப்புப் பாட்டில் ஒலிக்கும் கீபோர்ட், 2008 இல் இறந்துபோன ரிச்சர்ட் ரைற் 2007 இல் கில்மோர் வீட்டுக் களஞ்சியத்தில் வாசித்தது. இன்னொரு பாட்டை மகள் ரோமனி பாடினார். இத்தனை பேர் இருந்தும் அது தனி அல்பம்தான். பிரித்தானியத் தரவரிசையில் முதலிடமும் பெற்றது.

நீங்களும் பாட்டுகளை ஒருவரிடம் கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள். உங்கள் இரசிகராக இல்லாதவர் நல்லது. "எந்த இரண்டு பாட்டைத் தூக்கலாம்?" என்று மட்டும் கேளுங்கள். "எப்படி இருக்குது?" என்று கேட்டால் "நல்லாயிருக்குது" என்றுதான் பதில் வரும்.

மல்லாவி வாசகர்: நான்கு தடம் (தனித்தனியே பதிந்து ஒன்றாகக் கேட்கக்கூடிய ஒலிவரிசை) மட்டும் உள்ள கருவியில், பீட்டில்ஸ் குழுவின் போல் மக்கார்ட்னி தனியாக ஒரு முழு அல்பம் பதிந்தார் என்று எழுதியிருந்தீர்கள். நான்கு தடத்தில் ட்ரம்ஸ், பேஸ், இரண்டு கிற்றார், பியானோ, குரல் எல்லாம் எப்படி அடங்கும்?

1969 டிசம்பரில் இலண்டன் வீட்டிலேயே அவர் தொடங்கினார். இருந்தது ஸ்ருடர் நான்கு தட நாடாக் கருவி ஒன்று. மிக்சர் மேசை கிடையாது, ஒலிமட்டம் காட்டும் முள்ளும் கிடையாது. மைக்கை நேரே கருவியின் பின்புறத்தில் செருகினார். சிம்பல் ஒலி மேலோங்கினால் திருகுவதற்குக் குமிழ் இல்லையே, மைக்கைத்தான் தள்ளி வைக்க வேண்டும். மிக்சர் இல்லாத வீட்டில் இன்றைக்கும் அதுதான் முதல் வைத்தியம்.

நான்கு தடத்தில் அடக்கும் வழி இது. முதல் மூன்று தடங்களில் ட்ரம்ஸ், பேஸ், கிற்றார் பதிவீர்கள். மூன்றையும் கலந்து நான்காவதில் ஏற்றுவீர்கள். பிறகு முதல் மூன்றையும் அழித்துப் புதிதாக வேறு மூன்றைப் பதியலாம். இதில் இரண்டு ஆபத்து. ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் நாடாவின் 'ஸ்ஸ்' இரைச்சல் கூடும், மேல் அலைவரிசை மங்கும். அதைவிட, கலந்தது கலந்ததுதான். பேஸ் குறைவாக விழுந்துவிட்டது என்று பத்தாம் நாள் தெரிந்தால் பிரித்தெடுக்க வழியில்லை. அதனால் அந்தக் காலத்து ஆட்கள் முதலில் ஏற்றும்போதே பேஸையும் ட்ரம்ஸையும் தேவைக்குச் சற்று மேலாக வைப்பார்கள். மேலே குரல்களும் கிற்றார்களும் வந்து சேரும்போது கீழே உள்ளவை அமுங்கும் என்பது அவர்களின் அனுபவக் கணக்கு.

அந்த அல்பம் முழுவதும் வீட்டில் முடிந்ததல்ல. சில பாட்டுகளை இலண்டன் ஸ்ரூடியோக்களில் பதிந்து முடித்தார். வாத்தியங்கள் எல்லாம் அவருடையவை. பின்குரலுக்கு மனைவி லிண்டா.

பரந்தன் வாசகர்: எங்கள் மாமா முப்பது வருடம் கோயில் திருவிழாக்களிலும் கலியாண வீடுகளிலும் இசைக்குழுவில் கிற்றார் வாசித்துப் பாடியவர். இப்போது தன் சொந்தப் பாட்டுகள் எட்டைப் பதிய விரும்புகிறார். ஒரு லப்டொப், இரண்டு வழி ஓடியோ இன்டர்ஃபேஸ், ஒரு கொண்டென்சர் மைக் இருக்கிறது. அறை 10 அடிக்கு 12 அடி, தகரக் கூரை. குரல் வாளிக்குள் இருந்து வருவது போல் கேட்கிறது. என்ன செய்யலாம்?

மைக்கில் பிழை இல்லை. அறைதான் பிழை. உங்கள் கூரையும் பத்தடி உயரமென்றால், அகலமும் உயரமும் சமம். பத்தடி இடைவெளியில் ஒலி சுமார் 56 ஹேர்ட்ஸிலும், அதன் இரட்டிப்பான 112 ஹேர்ட்ஸிலும் நின்று பம்மும். இரண்டு திசையும் சமமாக இருப்பதால் அந்தப் பம்மல் இரட்டையாகும். மாமாவின் கீழ்ச்சுரங்கள் விழுவது சரியாக அந்த 112 பக்கத்தில். மேலே தகரமும் கீழே சீமெந்தும் மேல் அலைவரிசையை அப்படியே திருப்பி அடிக்கின்றன. வாளிச் சத்தம் இரண்டும் சேர்ந்து வருவது.

முதலில் இடத்தை மாற்றிப் பாருங்கள். கிடுகு வேய்ந்த மண்சுவர்க் கொட்டில் உங்கள் வளவிலோ பக்கத்திலோ இருந்தால் அங்கே போய்க் கைதட்டிப் பாருங்கள். தட்டியதும் ஒலி செத்துவிடும். கிடுகும் மண்ணும் இயல்பாகவே ஒலியைக் குடிக்கும். ஆயிரக்கணக்கில் காசு கொடுத்து ஒட்டும் நுரைப்பஞ்சை விட அது நல்லது.

கொட்டில் இல்லையென்றால் அந்த அறையையே திருத்தலாம். மைக்கை அறையின் நடுவில் வைக்காதீர்கள். நீளப்பக்கச் சுவரிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி வையுங்கள். தடித்த பஞ்சு மெத்தை ஒன்றை நிமிர்த்தி, பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் நிறுத்துங்கள். பலர் மைக்கின் பின்னால் நிறுத்துகிறார்கள். உங்கள் மைக் முன்பக்கம் மட்டும் கேட்கும் வகை. அதன் முகம் பாடுபவரின் பின்சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. தலைக்கு மேலே நான்கு முனையிலும் கயிறு கட்டி ஒரு தடித்த போர்வையைத் தொங்கவிடுங்கள். தரைக்குப் பாய்.

மூலைகளுக்கு நெல்மூடைகள். இது விளையாட்டுக்குச் சொல்வதல்ல. மூலையில் ஐந்தாறு மூடையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் கீழ் அலைவரிசைப் பம்மல் காதுக்குத் தெரியும் அளவு குறையும். வெறும் சாக்கைச் சுவரில் தொங்கவிட்டு அந்தப் பலனை எதிர்பார்க்க வேண்டாம். மெல்லிய துணி மேல் அலைவரிசையை மட்டும் தின்னும். பம்மல் அப்படியே இருக்க, குரல் மந்தமாகிவிடும். மூடைத் தூசு கொண்டென்சர் மைக்குக்கு எமன். பாடி முடிந்ததும் மைக்கை மூடிப் பெட்டிக்குள் வையுங்கள்.

நேரமும் முக்கியம். வெயில் ஏறும்போதும் இறங்கும்போதும் தகரம் விரிந்து சுருங்கும். 'டிக்… டிக்…' என்று கொண்டென்சரில் அது தெளிவாக விழும், பிறகு அழிக்க முடியாது. கோடையில் இரவு பத்துக்குப் பிறகு கூரை அடங்கிவிடும். மாரியில் இரவு முழுக்கத் தவளை; அப்போது மழை இல்லாத மதியந்தான் வழி. அறுவடைக் காலத்தில் வயலோரம் இருந்தால் அறுவடை இயந்திரத்தின் நேரத்தையும், திருவிழா என்றால் ஒலிபெருக்கியின் நேரத்தையும் முன்கூட்டியே விசாரியுங்கள். மயிலுக்கு மட்டும் நேரம் கேட்க முடியாது. அகவினால் அந்த வரியைத் திரும்பப் பாட வேண்டியதுதான்.

ஃபானையும் குளிர்சாதனப் பெட்டியையும் நிறுத்துங்கள். பெட்டியைத் திரும்பப் போட மறந்து மீனெல்லாம் பழுதாகும் வீடுகள் உண்டு. மோட்டார் சைக்கிள் திறப்பை அதற்குள் வைத்துவிட்டால், வெளிக்கிடும்போது ஞாபகம் வரும்.

பதிவின் அளவுகள்: 24 பிற், 48 கிலோஹேர்ட்ஸ். வாய்க்கும் மைக்குக்கும் 15 முதல் 20 சென்ரிமீற்றர், அதாவது விரித்த கையின் ஒரு சாண். இடையில் காற்றுத்தடுப்பு வலை. இல்லையென்றால் 'ப', 'ம்ப' வரும் இடமெல்லாம் குண்டு வெடிக்கும். மாமாவின் உச்சக் குரலில் முள் மைனஸ் 12 டெசிபல் அளவில் நிற்கட்டும். மேடையில் பாடிப் பழகியவர் ஒத்திகையில் அடக்கிப் பாடிவிட்டு, உண்மைப் பதிவில் ஆறு டெசிபல் கூட்டிப் பாடுவார். அதற்கு இடம் விட்டே வையுங்கள். பதியும்போது மென்பொருளின் பஃபர் அளவை (கணினி ஒருமுறையில் சேர்த்துவைத்துக் கையாளும் ஒலியின் அளவு) 128 இல் வையுங்கள், இல்லாவிட்டால் குரல் காதுக்குப் பிந்தி வந்து அவரைக் குழப்பும். கலக்கும்போது 1024 ஆக்கலாம்.

ஒரு பாட்டை மூன்று அல்லது நான்கு முறை முழுதாகப் பாடட்டும். அதில் நல்ல வரிகளை எடுத்துத் தையுங்கள். பத்து முறை பாடவைத்தால் சுருதி திருந்தும், ஆனால் உயிர் போய்விடும்.

மாங்குளம் வாசகர்: வயது அறுபது தாண்டியதும் பழைய சுருதியில் பாட முடியவில்லை. கட்டையை இறக்கினால் கிற்றாரின் ஒலி மாறிவிடுகிறதே?

இறக்கத்தான் வேண்டும். வயதோடு பெரும்பாலான ஆண் குரல்களில் மேல்சுரங்கள் முதலில் குறையும். அதை மறைத்துக் கத்துவதைவிட, இரண்டு அல்லது மூன்று அரைச்சுரம் இறக்கிப் புதிய குரலுக்குப் பாட்டைத் திருத்துவது அழகு. மூத்த கலைஞரின் தனிப் பதிவில் கேட்பவர் தேடிவருவது அந்தக் குரலின் வயதையும்தான்.

கேப்போ, அதாவது கிற்றாரின் கழுத்தில் பூட்டும் கவ்வி, சுருதியை ஏற்ற மட்டும் உதவும். இறக்க வேண்டுமென்றால் கம்பிகளையே தளர்த்த வேண்டும். இரண்டு அரைச்சுரம் தளர்த்தினால் 12 அளவுக் கம்பி தொய்ந்து கட்டையில் அடிக்கும். 13 அளவு போடுங்கள். இழுவிசை ஏறக்குறைய பழையபடி வரும். கம்பி மாற்றியதும் கிற்றார்க் கழுத்தின் 12ஆம் கட்டையில் (ஃபிரெட்) அமர்த்திய சுரமும் அதே இடத்துத் தொடு சுரமும் ஒன்றாக வருகின்றனவா என்று பாருங்கள். புதுக்கம்பியை முதல்நாளே போட்டு இழுத்துப் பழக்க வேண்டும். அன்றைக்கே போட்டால் பாட்டின் நடுவில் இறங்கும். வன்னி வெக்கையில் கைவியர்வைக்குக் கம்பி ஒரு கிழமையில் கறுத்துவிடும். வாசித்து முடிந்ததும் உலர்ந்த துணியால் ஒவ்வொரு கம்பியையும் அடியிலும் துடையுங்கள்.

மரக் கிற்றாருக்கு மைக் வைக்கும் இடம் 12ஆம் கட்டைக்கு நேரே, 20 முதல் 30 சென்ரிமீற்றர் தள்ளி. துவாரத்துக்கு நேரே வைத்தால் பம்மும்.

விசுவமடு வாசகர்: மின்கிற்றாரைச் செருகினாலே 'ம்ம்ம்' என்று இரைகிறது.

சார்ஜரைக் கழற்றி லப்டொப்பைப் பற்றரியில் ஓடவிடுங்கள். இரைச்சல் போய்விட்டால் நிலத்தொடுப்பில் பிழை. போகவில்லையென்றால் கிற்றாரைப் பிடித்தபடி நாற்காலியில் மெல்லச் சுழலுங்கள். கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் ஒற்றைச் சுருள் பிக்கப், 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தின் காந்தப்புலத்தையும் சேர்த்துக் குடிக்கும். ஏதோ ஒரு திசையில் இரைச்சல் கிட்டத்தட்ட ஓய்ந்துவிடும். அந்தத் திசையில் இருந்தே வாசியுங்கள்.

புதுக்குடியிருப்பு வாசகர்: ஃபில் கொலின்ஸின் ட்ரம்ஸ் போல, பெரிதாக எழும்பிச் சட்டென்று வெட்டுப்படும் ஒலி எப்படி வருகிறது? எங்களிடம் நான்கு மைக் மட்டுமே உண்டு.

நான்கு போதும். அந்த ஒலி பிறந்ததும் ஒரு தனி அல்பத்தில்தான். ஜெனசிஸ் குழுவை 1975 இல் விட்டு வந்த பீற்றர் கேப்ரியல் 1980 இல் வெளியிட்ட மூன்றாவது அல்பம் அது. அங்கே ட்ரம்ஸ் வாசித்தவர் அவரது பழைய குழுத்தோழர் ஃபில் கொலின்ஸ், ஒலிப்பதிவாளர் ஹியூ பஜம். ஸ்ரூடியோ மேசையில், அறைக்குள் இருப்பவர்கள் கதைப்பதைக் கேட்பதற்கென்று ஒரு மைக் இருந்தது. அதில் கடுமையான கொம்பிரசர், அதாவது பெரிய ஒலியை நசித்துச் சிறிய ஒலியோடு சமப்படுத்தும் கருவி, பூட்டியிருந்தார்கள். ட்ரம்ஸ் ஒலி அதன் வழியே தற்செயலாக வந்தபோது எல்லோரும் திகைத்தார்கள். அந்த ஒலியை ஒரு கேற், அதாவது ஒலி குறைந்ததும் அடைத்துவிடும் கருவி, கொண்டு வெட்டியபோது பிறந்தது இது. கேப்ரியல் அந்த அல்பத்தில் சிம்பலே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அடுத்த ஆண்டு கொலின்ஸ் தன் முதல் தனி அல்பத்துக்கு அதே ஒலியைக் கொண்டுபோனார். அதற்கு வீட்டில் செய்த பதிவுகளையும் வீசிவிடாமல், அவற்றின் மேலேயே கட்டினார்.

நீங்கள் செய்ய வேண்டியது: ஒரு மைக் கிக் ட்ரம்முக்கு (காலால் மிதித்து அடிப்பது). இரண்டு மேலே. நான்காவது மைக்கை இரண்டரை, மூன்று மீற்றர் தள்ளி, ஒலி எதிரொலிக்கும் வெறும் அறையில் வையுங்கள். குரலுக்குப் பகையான சீமெந்து மண்டபம் இங்கே நண்பன். மேல் மைக் இரண்டும் ஸ்னெயர் என்ற சிறு ட்ரம்மின் நடுவிலிருந்து சமதூரத்தில் இருக்க வேண்டும். நூல் ஒன்றை ஸ்னெயரின் நடுவில் ஒருவர் பிடிக்க, மற்றவர் அதே நீளத்தில் இரண்டு மைக்கையும் தொட்டுப் பார்த்துப் பொருத்துங்கள்; 40 அங்குலம் நல்ல தொடக்கம். ஒன்று ஓரடி கூடினாலே ஒலி ஏறக்குறைய ஒரு மில்லிசெக்கன் பிந்தி வரும். இரண்டையும் சேர்த்துக் கேட்கும்போது ஸ்னெயர் கடதாசிப் பெட்டி போல் மெலிந்துவிடும். பலர் இதை மைக்கின் தரக்குறைவு என்று நினைத்துப் புது மைக் வாங்குகிறார்கள்.

தள்ளி வைத்த மைக்கின் தடத்தில் 10:1 அளவில் கொம்பிரசரைப் போட்டு நசியுங்கள். அதன் பிறகு கேற். ஸ்னெயர் அடி விழும்போது திறந்து, 250 முதல் 300 மில்லிசெக்கன் பிடித்து, சட்டென்று மூட வேண்டும். பாட்டின் வேகத்துக்கு ஏற்ப அந்தப் பிடிப்பைக் கூட்டிக் குறையுங்கள். அடுத்த அடிக்கு முன் மூடவேண்டும். ட்ரம்ஸோடு சேர்த்துச் சிம்பலும் அடித்தால் கேற் ஒவ்வொரு முறையும் திறந்து 'ஷ்ஷா ஷ்ஷா' என்று கொட்டும். சிம்பலைத் தனியே பிறகு பதியுங்கள்.

வவுனியா வாசகர்: ஃபோனில் சும்மா பதிந்த மாதிரிப் பாட்டில் இருந்த உணர்ச்சி, ஸ்ரூடியோவில் திரும்பப் பதிந்தபோது இல்லை. இது மனப்பிரமையா?

பிரமை இல்லை. புரூஸ் ஸ்பிரிங்ஸ்ரீன் 1982 ஜனவரியில் வாடகை வீட்டின் அறையில் ரியாக் 144 என்ற நான்கு தடக் கசெற் கருவியில், இரண்டு எஸ்.எம். 57 மைக்கை வைத்து மாதிரிகளைப் பதிந்தார். பிறகு தன் குழுவோடு ஸ்ரூடியோவில் முயன்றார், சரிவரவில்லை. உறை கூட இல்லாமல் சட்டைப்பைக்குள் கொண்டு திரிந்த அந்தக் கசெற்றே செப்டெம்பரில் 'நெப்ராஸ்கா' அல்பமாக வந்தது. ஆனால் கசெற்றின் ஒலியை இசைத்தட்டில் வெட்டுவது பெரும்பாடாகிவிட்டது. பல முயற்சிகள் தோற்று, கடைசியில் வழக்கத்தைவிடக் குறைந்த ஒலிமட்டத்தில்தான் வெட்ட முடிந்தது.

ஸ்ரூடியோவில் தொலைவது பெரும்பாலும் மூன்று. முதலாவது வேகம்: மாதிரியில் பாட்டு தன் போக்கில் நாலைந்து பிபிஎம் (நிமிடத்துக்கான தாள அடிகள்) கூடிக் குறைந்திருக்கும், ஸ்ரூடியோவில் தாளம் காட்டும் கிளிக் சத்தம் அதை ஆணி அடித்து நிறுத்திவிடும். இரண்டாவது சுருதி: வாத்தியக்காரரின் வசதிக்காக அரைச்சுரம் ஏற்றியிருப்பார்கள். மூன்றாவது ஒலியளவு: வீட்டில் பிள்ளைகள் நித்திரை என்று மெல்லப் பாடியிருப்பீர்கள், ஸ்ரூடியோவில் முழுக்குரல். மாதிரியை மென்பொருளில் ஏற்றி, அதன் வேகத்தைச் சந்தம் சந்தமாக அளந்து, கிளிக்கை அதற்கேற்ப வளைத்துவிட்டுத் திரும்பப் பதியுங்கள். அதற்கும் வராவிட்டால் மாதிரியையே வெளியிடுங்கள். அதனால்தான் மாதிரியைக் கூட ஃபோனை மேசையில் போட்டுப் பதியாமல், ஒரு துணிமேல் வைத்து, ஒரு முழம் தள்ளி, ஃபானை நிறுத்திப் பதியச் சொல்கிறோம்.

முள்ளியவளை வாசகர்: நான் போட்ட மெட்டு ஒரு பழைய பாட்டுப் போல இருக்கிறது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். வேண்டுமென்று எடுக்கவில்லை. பிரச்சினை வருமா?

வரலாம். பீட்டில்ஸ் பிரிந்த 1970 இல் ஜோர்ஜ் ஹரிசன் வெளியிட்ட 'ஓல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' என்ற மூன்று இசைத்தட்டுத் தொகுப்பின் மிகப் புகழ்பெற்ற பாட்டுக்கே வழக்கு வந்தது. 1976 இல் அமெரிக்க நீதிமன்றம், அவர் தெரிந்து திருடவில்லை, ஆழ்மனத்தில் இருந்து வந்துவிட்டது, ஆனாலும் உரிமை மீறல்தான் என்று தீர்ப்புச் சொன்னது. 1981 இல் முடிவான தொகை 587,000 டொலர். அதற்குள் எதிர்த்தரப்பின் உரிமையை விலைக்கு வாங்கியிருந்தவர், ஹரிசனின் பழைய முகாமையாளரே. பெரும் மனவேதனை தந்திருக்கும் சங்கதி அது.

இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டப்படி, ஆக்கியவரின் ஆயுளும் அதன்பின் 70 ஆண்டும் பதிப்புரிமை உண்டு. ராகம் பொதுச்சொத்து, மெட்டு அப்படியல்ல. இரண்டு பாட்டின் பல்லவியையும் சுரப்படுத்தி ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதுங்கள். சுரங்களும் அவை விழும் தாள இடங்களும் சேர்ந்து இரண்டு ஆவர்த்தனத்துக்கு மேல் ஒத்துப்போனால் மாற்றுங்கள். பல்லவியின் இரண்டாம் வரியை மேலே போகாமல் கீழே கொண்டுவந்தாலே பெரும்பாலும் வேறு பாட்டாகிவிடும்.

அக்கராயன் வாசகர்: எங்கள் பாட்டு மற்றவர்களின் பாட்டைவிட மெல்லிதாகக் கேட்கிறது.

இணைய இசைச் சேவையான ஸ்பொட்டிஃபை எல்லாப் பாட்டையும் மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் சராசரி ஒலிமட்டத்தின் அலகு) அளவுக்குச் சமப்படுத்தும். அதைவிட நசித்துக் கொடுத்தால் அது தானே குறைத்துவிடும். நசிந்த பாட்டு மட்டும் மிஞ்சும். உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்ட வேண்டாம். மெல்லிதாகக் கேட்பது பெரும்பாலும் 200 – 400 ஹேர்ட்ஸ் பகுதியில் கிற்றாரும் குரலும் கீபோர்ட்டும் மோதுவதால்தான். கிற்றாரில் அந்த இடத்தை மூன்று டெசிபல் குறையுங்கள், குரல் முன்னுக்கு வரும். ஓட்டோவின் ஸ்பீக்கரிலும் ஃபோனிலும் போட்டுக் கேட்டுவிட்டு முடிவுசெய்யுங்கள்.

முல்லைத்தீவு வாசகர்: எட்டுப் பாட்டையும் ஒரேநாளில் விடுவதா, ஒவ்வொன்றாக விடுவதா?

பீற்றர் கேப்ரியல் 21 வருட இடைவெளிக்குப் பின் புதிய பாட்டுகளோடு வந்த 'ஐ/ஓ' அல்பத்தின் 12 பாட்டையும் 2023 இல் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் ஒன்றாக விட்டார். ஜனவரி 6 இல் தொடங்கி நவம்பரில் முடிந்தது; ஓகஸ்டில் இரண்டு பௌர்ணமி வந்ததால் கணக்குச் சரியானது. முழு அல்பம் டிசம்பர் 1 இல் வந்து பிரித்தானியாவில் முதலிடம் பிடித்தது. ஒவ்வொரு பாட்டையும் இருவர் வெவ்வேறாகக் கலந்தார்கள். ஸ்பைக் ஸ்ரென்ற் கலந்தது 'ஒளிப்பக்கம்', சாட் பிளேக் கலந்தது 'இருட்பக்கம்'. நமக்குப் பௌர்ணமி என்றால் போயா விடுமுறை, எல்லோரும் வீட்டில். அந்த முறை இங்கே இன்னும் நன்றாகப் பொருந்தும் என்று நினைக்கிறோம்.

பாட்டை இணையச் சேவைகளுக்குக் கொண்டுசேர்க்கும் விநியோக நிறுவனத்துக்குக் கோப்பை மூன்று, நான்கு கிழமைக்கு முன்பே ஏற்றுங்கள். 24 பிற் வேவ் கோப்பு, அட்டைப்படம் 3000 க்கு 3000 பிக்சல். ஒவ்வொரு பதிவுக்கும் அதை அடையாளம் காட்டும் 12 எழுத்து ஐ.எஸ்.ஆர்.சி. இலக்கம் ஒன்று, ஒரே பதிவைப் பிறகு அல்பத்தில் சேர்க்கும்போதும் அதே இலக்கத்தையே கொடுங்கள், மாற்றினால் கேட்டோர் எண்ணிக்கை இரண்டாக உடையும். பெயரின் எழுத்துக்கூட்டலை ஒருமுறை முடிவுசெய்துவிட்டு மாற்றாதீர்கள். ஒரே ஆள் இரண்டு கலைஞர்களாகப் பதிவாகிவிடும் சிக்கல் அடிக்கடி நடக்கிறது. வருமானத்தைப் பற்றி நேரே சொல்லிவிடுகிறோம்: 2024 முதல் ஸ்பொட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1000 தடவையாவது கேட்கப்படாவிட்டால் அதற்குப் பணம் இல்லை.

நெடுங்கேணி வாசகர்: புகழ்பெற்ற குழுவை விட்டு வந்தவரின் முதல் தனி அல்பத்தை விமர்சகர்கள் ஏன் பெரும்பாலும் தாக்குகிறார்கள்? அதைப் பொருட்படுத்த வேண்டுமா?

முதல் விமர்சனங்களில் பாதி பிரிவைப் பற்றியது, இசையைப் பற்றியதல்ல. மக்கார்ட்னியின் 1970 அல்பம் வெளிவருமுன் பத்திரிகையாளர்களுக்கான பிரதியோடு அச்சிட்ட கேள்வி–பதில் தாள் ஒன்றும் போனது. அந்தப் பதில்களைப் படித்துத்தான் ஏப்ரல் 10 ஆம் தேதி, பீட்டில்ஸை விட்டு அவர் போய்விட்டார் என்று பத்திரிகைகள் தலைப்புப் போட்டன. ஒரு கிழமை கழித்து அல்பம் வந்தபோது எவர் காதில் பாட்டு விழும்? அரைகுறை வேலை என்றார்கள். ஆனாலும் அமெரிக்காவில் முதலிடம், பிரித்தானியாவில் இரண்டாமிடம். அடுத்த ஆண்டு வந்த 'ராம்' இன்னும் மோசமாக அடிவாங்கியது. இன்று அதை அவரது மிகச் சிறந்தவற்றுள் ஒன்றாக வைக்கிறார்கள். வீட்டில் தனியே பதிந்த குறைபாடு என்று 1970 இல் சொன்னதையே பின்வந்த தலைமுறை நெருக்கம் என்று கேட்டது.

எதிர்த்திசையிலும் நடக்கும். ஹரிசனின் 'ஓல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' வந்த நாளிலேயே கொண்டாடப்பட்டது, அமெரிக்காவில் ஏழு கிழமை முதலிடம். அதன் பெரிய எதிரொலி பின்னாளில் ஹரிசனுக்கே கூடுதலாகப் பட்டது. 2001 மறுவெளியீட்டின்போது அதைச் சொன்னார். அவர் மறைந்த பிறகு, 2021 இல் எதிரொலியைக் குறைத்துத் திரும்பக் கலந்து வெளியிட்டார்கள். குரல் கிட்ட வந்து நிற்கிறது.

ஆகவே வரும் விமர்சனத்தில் "பழைய குழுவைப் போல இல்லை" என்ற வரிகளை அடித்துவிட்டு, மிஞ்சுவதைப் படியுங்கள். 'மூன்றாவது பாட்டில் சொற்கள் விளங்கவில்லை' என்று இருவர் தனித்தனியே சொன்னால் அது உண்மை. கலவையைத் திருத்தலாம்.

ஐம்பது வருடம் கழித்து அந்த எதிரொலியைக் குறைக்க முடிந்ததற்குக் காரணம், ஒவ்வொரு தடமும் நாடாவில் பத்திரமாக இருந்தது. நீங்களும் முடிந்த பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடாதீர்கள். ஒவ்வொரு தடத்தையும், விளைவு எதுவும் சேர்க்காமல், பாட்டின் முதல் செக்கனில் இருந்து வேவ் கோப்பாக எடுங்கள். "03_குரல்_மெயின்", "03_பேஸ்" என்று பெயரிடுங்கள். வேகத்தையும் சுருதியையும் ஒரு கடதாசியில் எழுதிப் படமெடுத்து உள்ளே போடுங்கள். இரண்டு வன்தட்டில் பிரதி எடுத்து, ஒன்றை வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டில் வையுங்கள். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தபோது தண்ணீர் எவ்வளவு விரைவாக வந்தது என்று கிளிநொச்சிப் பக்கத்தில் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். வீட்டில் இருக்கும் பிரதியை அலுமாரியின் மேல்தட்டில் வையுங்கள்.